சின்ன ர, பெரிய ற

அந்தக் குறிப்பு வந்தபோது நான் யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து தரும் பட்டறையில் எனக்கு வேலை. மெழுகை இளக்கி, பல்லை நட்டு, மேல் அச்சோடு பொருத்திக் கடிக்கவைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் பிடுங்கி மறுபடி நட வேண்டும். சாயங்காலத்துக்குள் கழுத்து மரக்கட்டையாகிவிடும். கைப்பேசி மேசையில் அதிர்ந்ததும் மெழுகு ஒட்டிய விரலோடு எடுத்தேன்.

"வந்துருச்சு," என்று குழுவில் எழுதியிருந்தார் லிஃப்ட். "எனக்கு மட்டும் வந்திருக்கு. தெரியாத நம்பர்."

அதன் கீழே குறிப்பு இருந்தது.

'அரையை விட்டு வா. விடை வெளியே காத்திருக்கிரது.'

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். ஆடினோம் என்பதைவிட அதற்குள் மாட்டிக் கிடந்தோம் என்பதே சரி. இல்லாத ஒரு வானொலி நிலையத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதன் அறிவிப்பாளர் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விட்டார். அவர் எங்கே என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ஒலிப்பதிவுகள், பொய்யான வானிலை அறிக்கைகள், கூப்பிட்டால் யாரோ இருமிவிட்டு வைத்துவிடும் ஒரு தொலைபேசி எண் என்று எல்லாவற்றுக்குள்ளும் புதிர். சில சமயம் நம் கைப்பேசிக்கே செய்தி வரும். எது விளையாட்டு, எது வாழ்க்கை என்று கோடு போட முடியாதபடி அதைச் செய்திருந்தார்கள். தனியாளால் முடியாது. ஒருவருக்குக் காது வேண்டும், ஒருவருக்குக் கணக்கு வேண்டும், ஒருவருக்குப் பொறுமை வேண்டும்.

காது லிஃப்டுடையது. அவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து விழுந்து, காலில் கம்பி வைத்து, ஆறாவது மாடியில் தன் வீட்டு அறைக்குள் படுத்திருப்பவர். எலும்பு எப்போதோ கூடிவிட்டது. நடக்கச் சொல்லி மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் அவர் அறையை விட்டு வருவதில்லை. "எல்லாரையும் மேலயும் கீழயும் அனுப்பினவன் இப்ப நடுவுல நிக்கிறேன்," என்று ஒருமுறை எழுதினார். நாங்கள் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு அடுத்த புதிருக்குப் போய்விட்டோம்.

கணக்கு டீச்சருடையது. மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவர். பொறுமை என்னுடையது. என் தொழிலை வைத்து எனக்குப் 'பல்லு' என்று பெயர். நாலாவது ஆள் சித்தப்பா. யாருக்கும் சித்தப்பா இல்லை. எங்கள் எல்லோரையும்விடச் சின்னவன். வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துத் தருகிறான். தன் படத்துக்குப் பதிலாக மீசை வைத்த யாரோ ஒருவரின் படத்தைப் போட்டுவைத்ததால் வந்த உறவு அது.

குழுவின் உச்சியில் லிஃப்ட் எழுதிய ஒரு வரி எப்போதும் நிற்கும். 'இதில் பிழை என்று எதுவும் கிடையாது. எல்லாம் குறிப்பு.' ஆரம்பத்தில் ஒரு வானிலை அறிக்கையில் ஊரின் பெயரைத் தப்பாக உச்சரித்திருந்தார்கள். நாங்கள் மூவரும் அதைக் கவனிக்காமல் விட்டோம். அவர்தான் அதைப் பிடித்து உலுக்கி முதல் பூட்டைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்த வரி எங்களுக்கு வேதம்.

ஆனால் சில மாதங்களாக அந்தப் பக்கத்தில் அசைவே இல்லை. விளையாட்டை நடத்தியவர்கள் அலுத்துப்போய்க் கடையைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் அலுத்திருந்தது. விலகிவிடலாம் என்று இருந்தேன். லிஃப்ட் மட்டும் தினமும் காலையில், "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லாமல் விலக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது.

"அரை," என்று எழுதினார் டீச்சர். "பாதியை விட்டுடணும். எல்லாப் பதிவையும் பாதியா வெட்டிக் கேக்கணும்."

"அரைன்னா இடுப்புகூடத்தான்," என்றான் சித்தப்பா. "அரைஞாண் சொல்றோம்ல. இடுப்ப விட்டு வா. செத்தா வரலாம்."

"மிக்ஸில அரைக்கிற அரையா இருக்குமோ?" என்றேன்.

"பல்லு, பசிச்சா போய்ச் சாப்பிடு."

எழுத்து தப்பாக இருந்ததை நாங்கள் பார்க்காமல் இல்லை. பார்த்ததுதான் வினையாயிற்று. 'காத்திருக்கிரது' என்பதில் பெரிய ற இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ர. டீச்சர் துள்ளிக் குதித்தார். மெய்யெழுத்து வரிசையில் ற பதினேழாவது, ர பன்னிரண்டாவது. கழித்தால் ஐந்து. முதல் வாக்கியம்தான் அரை என்கிறதே, ஐந்தில் அரை இரண்டரை. ஒவ்வொரு பதிவிலும் இரண்டரையாவது நிமிடத்தைக் கேட்க வேண்டும்.

கேட்டோம். வாரக்கணக்கில் கேட்டோம். பேருந்தில், மதிய இடைவேளையில், பிளாஸ்டர் காயக் காத்திருக்கும் நேரத்தில். இரண்டரையாவது நிமிடத்தில் ஒரு பதிவில் கதவு கிறீச்சிட்டது. இன்னொன்றில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். லிஃப்ட் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறேன், எழுந்தால் கவனம் சிதறுகிறது என்றார். குளியலறையும் உள்ளேயே இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

ஒரு சாயங்காலம் கண் எரிந்து, ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தேன். அண்ணி துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவள். வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குக் கால், எனக்குக் கண். இரண்டு பேரும் அந்த நேரத்தில் பேசிக்கொள்ள மாட்டோம். அன்றைக்கு என் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது.

"எடுத்து அத அணைச்சுத் தொலைடி. வண்டு மாதிரி கத்துது."

"கண்ணத் திறக்க முடியல அண்ணி. என்னன்னு படிங்களேன்."

"யாரோ லிஃப்டாம். மறுபடியும் முதல்லேர்ந்து பார்ப்போம்ங்கிறாரு." தண்ணீர் சளப்பென்றது. "அதுக்குக் கீழ ஒண்ணு போட்டிருக்காரு. அறையை விட்டு வா. விடை வெளியே காத்திருக்கிறது."

நான் துணியை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை படிங்க."

"ஏன், காதும் போயிடுச்சா? அறையை விட்டு வா. விடை வெளியே காத்திருக்கிறது. இதுல என்ன புதிர் இருக்கு? யாரோ யாரையோ ரூம விட்டு வெளிய வரச் சொல்றாங்க. அவ்ளோதான். வரலன்னா ஒரு அறை விடச் சொல்லு, வந்துடுவான்."

அவள் வாயில் இரண்டு ரகரமும் ஒன்றாகத்தான் இருந்தன. எல்லார் வாயிலும் அப்படித்தான். நாங்கள் நால்வரும் அதைக் கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். குழுவில் 'அரை' என்ற சொல்லைத் தேடினேன். டீச்சரின் கணக்குகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றையெல்லாம் தாண்டிக் கீழே போனபோது, விபத்து நடந்த புதிதில் லிஃப்டின் கைப்பேசியிலிருந்து வந்த ஒரு செய்தி கிடைத்தது.

'நான் அவர் வீட்டுக்காரி. அவருக்கு வலி அதிகம். அரைல படுத்திருக்காரு. தூங்குராரு. இன்னிக்கி வரமாட்டாரு.'

அரைல. தூங்குராரு.

"என்னடி, பேயடிச்ச மாதிரி உக்காந்துட்ட?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கண்டுபிடிச்சுட்டேன்."

"நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லு," என்றாள் அண்ணி, இன்னொரு காலையும் வாளிக்குள் விட்டுக்கொண்டே.

குறிப்பு வந்த எண்ணைக் குழுவில் லிஃப்டே போட்டுவைத்திருந்தார். கூப்பிட்டால் எப்போதும் அணைந்தே இருக்கும். அதற்கு ஒரு வரி அனுப்பினேன். 'அக்கா, அறைன்னா பெரிய ற போடணும். நான் பல்லு.'

மறுநாள் வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பல்லுன்னா... அந்தப் பொய்ப்பல் செய்யறதா?" ஒரு பெண்குரல், ரகசியம் பேசுவது போல.

"ஆமாக்கா."

"பொண்ணா நீ? அவரு பல்லு இதக் கண்டுபிடிச்சிருச்சு, அதக் கண்டுபிடிச்சிருச்சுன்னு சொல்றத வெச்சு ஏதோ பெரிய மீசைக்காரர்னு நினைச்சிருந்தேன்."

"மீசை சித்தப்பாவுக்குக்கா. அதுவும் இரவல்."

அவர் சிரிக்கவில்லை. "அவருட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

பெருமூச்சு கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார். "நான் என்னம்மா பெரிய புதிரா போட்டேன்? நேராத்தானே எழுதினேன். வெளிய வான்னு நான் சொன்னா சுவத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறாரு. டாக்டர் சொன்னா தலையாட்டறாரு, அவ்ளோதான். இந்த விளையாட்டு சொன்னா மட்டும் எந்திரிச்சு உக்கார்றாரு. அது சொன்னா கேப்பாருன்னு இன்னொரு நம்பர் வாங்கி அனுப்பினேன். இப்ப என்னடான்னா முன்னாடியாச்சும் சன்னல் பக்கம் வந்து நிப்பாரு. இப்ப அதுவும் இல்ல."

"நீங்க நேரா எழுதினதுதான்கா பிரச்சனை."

"நான் பள்ளிக்கூடத்துல வேற பாஷை படிச்சவ. தமிழ் நானா எழுத்துக்கூட்டிக் கத்துக்கிட்டது. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. உனக்கு வேற வேறயா கேக்குதா?"

"இல்லக்கா. எனக்கும் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு வெச்சிருக்காங்க?"

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "விடை வெளிய இருக்குன்னு எழுதியிருந்தீங்களே. வெளிய என்ன வெச்சிருக்கீங்க?"

"என்ன வெக்கிறது? நான்தான்." குரலில் வெட்கமா அலுப்பா என்று தெரியவில்லை. "கட்டிடத்துக்குக் கீழ ஒரு பெஞ்சு இருக்கு. வேலை விட்டு வந்ததும் நேரா மேல போகாம இங்கதான் உக்காந்திருக்கேன். இருட்டினதும் போவேன். வேலை ஜாஸ்தின்னு சொல்லி வெச்சிருக்கேன். இறங்கி வந்தார்னா முதல்ல என்னைத்தானே பார்ப்பாரு. அனுப்பின நாள்லேர்ந்து உக்காந்திருக்கேன்மா. இப்பவும் அங்கேர்ந்துதான் பேசறேன்."

நான் ஈரக் கையோடு நின்றேன். பட்டறையில் என்னைத் தவிர யாருமில்லை. அலமாரியில் வரிசையாகப் பிளாஸ்டர் வாய்கள் திறந்திருந்தன.

"ஒரு எழுத்துதானே? சரியா எழுதி இன்னொரு தடவை அனுப்பிடறேன்," என்றார். "நீ மட்டும் அவருட்ட சொல்லிடாத. நான்னு தெரிஞ்சா இந்த விளையாட்டையும் விட்டுடுவாரு. அப்புறம் எதைச் சொல்லி நான் அவரை எழுப்பறது?"

சொல்ல மாட்டேன் என்றேன். அது போதும் என்றுதான் இரண்டு பேருக்கும் தோன்றியது. பெரிய ற எங்கே இருக்கிறது என்று கேட்டார். விசைப்பலகையில் எந்த இடம் என்று சொன்னேன். அவர் அடிப்பது எனக்குக் கேட்டது.

நான் பேருந்தில் ஏறுவதற்குள் லிஃப்ட் எழுதிவிட்டார்.

"பார்த்தீங்களா! அடுத்தது வந்துருச்சு!"

'அறையை விட்டு வா. விடை வெளியே காத்திருக்கிறது.'

"முன்னாடி அரை. இப்ப அறை. ர போய் ற வந்திருக்கு. மாத்தினதுதான் குறிப்பு. டீச்சர், அப்ப கழிச்சோம்ல? இப்ப கூட்டணும்."

"பன்னிரண்டும் பதினேழும் இருபத்தொன்பது," என்றார் டீச்சர் உடனே.

கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஒற்றைக் கையால் எழுதினேன். "ஒருவேளை முதல்ல வந்தது எழுத்துப்பிழையா இருக்கலாம். இப்ப திருத்தியிருக்காங்க. சும்மா அப்படியே படிச்சுப் பாருங்களேன்."

"பல்லு, நேத்து வந்தவங்க மாதிரி பேசாத," என்று எழுதினார் லிஃப்ட். "மேல என்ன எழுதி வெச்சிருக்கேன்?"

அவரைத் தவிர்த்து மற்ற இருவருக்கும் விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா, "சொல்லாத பல்லு. அந்த அக்கா கேட்டுக்கிட்டாங்கல்ல. இதையும் பிடுங்கிட்டா அந்த மனுஷனுக்கு என்ன மிச்சம்?" என்றான்.

டீச்சர் வேறு மாதிரி சொன்னார். "பிள்ளைங்க எல்லாம் போனதும் நோட்டு எடுத்து உக்காருவேன். ராத்திரிச் சமையல்கூட மறந்துடும். இருபத்தொன்பது எவ்ளோ அழகா வந்துச்சு தெரியுமா?" என்று எழுதி, கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அது தப்பு," என்று சேர்த்தார்.

மறுநாள் முழுக்க நான் நட்ட பல் ஒன்றும் சரியாக உட்காரவில்லை. ஒரு பெண்ணுக்கு மேல்வரிசை. மேல் அச்சையும் கீழ் அச்சையும் பொருத்தும்போதெல்லாம் ஒரு பக்கம் இடித்தது. அந்த அக்கா வேலை முடிந்து வருவதையும், பையை மடியில் வைத்துக்கொள்வதையும், கட்டிடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதையும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த கதவுக்கு மேலே, ஆறு மாடிக்கு அப்பால், அவர் புருஷன் அவர் எழுத்தைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் காத்திருக்கிற ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை உழைப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கு எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் நான் சும்மா இருந்தால் அவர் மழைக்காலத்திலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தது. அவர் பெஞ்சில் இருக்கும் நேரமாகப் பார்த்து லிஃப்டைக் கூப்பிட்டேன். அதுவரை நாங்கள் யாரும் யாருடைய குரலையும் கேட்டதில்லை.

"எதுக்குக் கூப்பிட்ட?" நான் நினைத்திருந்ததைவிட மெலிந்த குரல். "எழுதியிருக்கலாம்ல?"

"எழுதினா நீங்க அதையும் எண்ணிப் பார்ப்பீங்க."

"சொல்லு."

"அந்த ரெண்டு குறிப்பும் விளையாட்டுலேர்ந்து வந்ததில்ல. விளையாட்டு எப்பவோ முடிஞ்சு போச்சு. அத அனுப்பினது உங்க வீட்டு அக்கா. அறைய விட்டு வெளிய வாங்கன்னு எழுதியிருக்காங்க. அவங்களுக்கு எழுத்து மாறிப்போச்சு. வேற ஒண்ணுமே இல்ல அதுல."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"கீழ பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அனுப்பின நாள்லேர்ந்து தினமும். நீங்க இறங்கி வருவீங்கன்னு."

"அவளுக்கு வேலை ஜாஸ்தி," என்றார்.

"இல்ல."

"இந்தச் சன்னல்லேர்ந்து பெஞ்சு தெரியாது."

"அவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கும்."

மிக மெதுவாக, "இரண்டரை நிமிஷம்... ஒவ்வொண்ணா கேட்டேனே. எல்லாத்தையும்," என்றார்.

"நானும்தான் கேட்டேன்."

அழைப்பு அறுந்தது. அடுத்த நிமிடம் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. 'லிஃப்ட் குழுவிலிருந்து விலகினார்.'

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்று எழுதினான் சித்தப்பா. நான் மேசையைத் துடைத்தேன். மெழுகு இளக்கும் விளக்கை அணைத்தேன். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாதது போலப் பேருந்து நிறுத்தத்தில் நின்று இரண்டு பேருந்துகளை விட்டேன். மூன்றாவதில் ஏறி உட்கார்ந்தபோது அந்த எண் கூப்பிட்டது. எடுத்துக் காதில் வைத்தேன். பேச்சு எனக்கானதாக இல்லை.

"...சின்ன ர போட்டா அரைதான் வரும்! பாதி! யாரு படிச்சாலும் அப்படித்தான் படிப்பான்!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லித் தந்தீங்களா?"

"கேட்டியா நீ? ஒரு வார்த்தை கேட்டியா? என்கிட்ட கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல?"

"உங்களுக்கு அனுப்பறதுக்கு உங்ககிட்டயே கேட்டுக்கிட்டு எழுதணுமா? நல்லா இருக்கே கதை. மெதுவாக் கத்துங்க, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். காத்திருக்கிரதாம், காத்திருக்கிரது! அதையாவது ஒழுங்கா எழுதக்கூடாதா?"

"ஒழுங்காத்தான் காத்திருந்தேன்," என்றார் அக்கா.

பெஞ்சுப் பலகை முனகியது. யாரோ கனமாக உட்கார்ந்தார்கள்.

"பல்லு, இருக்கியா?" அக்காவின் குரல் இப்போது எனக்கானது. "வீட்டுச் செருப்போட இறங்கி வந்திருக்காரு. படிக்கட்டு வழியா. போனக் கையில நீட்டிக்கிட்டு, சண்டைக்கு." பிறகு என்னை விட்டு விலகி, "கால நீட்டுங்க. நடுங்குது பாருங்க," என்றார்.

கைப்பேசி கைமாறியது. மூச்சு வாங்கும் சத்தம்.

"பல்லு."

"சொல்லுங்க."

"கோவத்துல இறங்கிட்டேன். இப்ப எப்படி ஏறறது?"

"அங்க லிஃப்ட்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இருக்கு," என்றார். "அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

"ஏறலாம் மெதுவா," என்று அக்கா சொல்வது கேட்டது. "இப்ப மேல என்ன அவசரம்?"

யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. எங்கோ மின்தூக்கியின் கதவு திறந்தது. யாரோ வெளியே நடந்து போனார்கள். கதவு இழுத்துக்கொண்டு மூடியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது எனக்குத் தெரிந்தது.

"எவனோ ஒழுங்காப் பார்க்கல இத," என்றார், எங்கள் இருவரிடமும் இல்லாமல். "மூடறப்ப உரசுது. கேக்குதா?"

"எனக்கு என்ன கேக்குது, கதவு சத்தம் கேக்குது," என்றார் அக்கா.

"திரும்ப வரட்டும். அப்பக் கேளு."

மின்தூக்கி மேலே போயிருக்க வேண்டும். அவர்கள் அது இறங்கி வருவதற்காகக் காத்திருந்தார்கள். நானும் காதில் வைத்தபடியே இருந்தேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது.